வீட்டில் ஜிஞ்சர் பியரும் கொம்பூச்சாவும்: ஸ்டெயின்லெஸ் ஃபிட்டிங் வாங்குமுன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் சின்னக் குசினியில், அதிலும் தொடர்மாடி வீட்டில், பத்து இருபது லீட்டர் அளவில் ஜிஞ்சர் பியர், கொம்பூச்சா (புளிக்கவைத்த தேநீர்), சோடா கலந்த பழச்சாறு செய்கிறவர்கள் கூடிக்கொண்டே வருகிறார்கள். கண்ணாடிப் போத்தலில் தொடங்கி, பிறகு ஸ்டெயின்லெஸ் பாத்திரம், கெக் (காஸ் ஏற்றும் அழுத்தப் பாத்திரம்), கார்பன்டயொக்சைட் காஸ் சிலிண்டர் என்று போகும்போது எல்லாரும் வந்து நிற்கிற இடம் ஒன்றுதான்: இதையெல்லாம் எதைக் கொண்டு இணைப்பது? அந்தக் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே ஒன்றாகப் போடுகிறேன். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையால் கழற்றி, உள்ளே கண்ணால் பார்த்து, தேய்த்துக் கழுவ முடியாத எந்த இணைப்பையும் வாங்காதீர்கள், அது எவ்வளவு மினுங்கினாலும் சரி.

பியர் காய்ச்சுவதைப் பற்றி ஏன் எழுதவில்லை?

இலங்கையில் அனுமதிப்பத்திரம் இல்லாமல் மதுபானம் தயாரிப்பது குற்றம். 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது, மதுவரித் திணைக்களம் அதைப் பார்த்துக்கொள்கிறது. வெளிநாட்டில் வீட்டில் பியர் காய்ச்சுகிறவர்கள் பயன்படுத்தும் அதே ஃபிட்டிங்குகள்தான் நம்முடைய வேலைக்கும் வரும், அதனால் அவர்கள் கற்றுக்கொண்டது நமக்கும் உதவும். ஆனால் இங்கே பேசுவது மது அல்லாத பானங்களை மட்டும். ஜிஞ்சர் பியரை ஈஸ்ட் இல்லாமல், இஞ்சிச் சாற்றில் சீனியும் தேசிக்காயும் சேர்த்து, காஸ் ஏற்றிச் செய்யலாம், சிக்கலே இல்லை. கொம்பூச்சாவைச் சீனியோடு அடைத்து நீண்ட நாள் வெளியே வைத்தால் ஆல்கஹால் ஏறும், ஆகவே காலத்தோடு குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.

ஹார்ட்வெயார் கடையில் கிடைக்கும் சாதாரண பைப் ஃபிட்டிங் போதாதா?

தண்ணீருக்குப் போதும். சீனியும் பழச்சாறும் ஓடும் இடத்துக்குப் போதாது. காரணம் மரை. ஆண் மரையும் பெண் மரையும் சேரும் இடத்தில் சுற்றிச் சுற்றி ஒரு மெல்லிய இடைவெளி இருக்கும், டெஃப்லான் டேப் சுற்றினாலும் அது முழுதாக அடைபடாது. சீனிப்பாகு அதற்குள் போகும், கழுவுகிற தண்ணீர் போகாது. ஐரோப்பாவில் குளிர் நாட்களில் அப்படி மாட்டிக்கொண்டது சும்மா கிடந்தாலும் கிடக்கும். கொழும்பில் வருடம் முழுக்க 27 முதல் 31 பாகை வரை வெப்பம், ஈரப்பதமும் கூட, காட்டு ஈஸ்டுக்கும் பக்டீரியாவுக்கும் இதைவிட வசதியான இடம் கிடையாது. இரவு கழுவி வைத்த குழாய் காலையில் புளித்த மணம் அடிக்கிறது என்று சொல்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, மரையைக் கழற்றிப் பார்த்தீர்களா என்பதுதான்.

இன்னொன்று, கடையில் தொங்கும் மினுங்கும் பைப் தலைகளில் பெரும்பாலானவை பித்தளையில் குரோமியம் பூசியவை. அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

ட்ரை கிளாம்ப் என்கிறார்களே, அது என்ன?

பால் தொழிற்சாலைகளிலும் மருந்து உற்பத்தியிலும் பயன்படும் இணைப்பு. இரண்டு பக்கமும் ஒரே மாதிரியான தட்டையான விளிம்பு, அதைத்தான் ஃபெரூல் என்கிறார்கள். நடுவில் ஒரு கேஸ்கட், அதாவது கசியாமல் அடைக்கும் வளையம், சுற்றி ஒரு கிளாம்ப், கையால் திருகும் ஒரு நட். அவ்வளவுதான். ஆண் பெண் என்ற பேதம் இல்லை, மரை பானத்தைத் தொடுவதே இல்லை, உள்ளே ஒரே சீரான குழாய் போல இருக்கும். கழற்ற ஸ்பானர் தேவையில்லை, ஒரு கிளாம்பைக் கழற்ற அரை நிமிடம் போதும், அதனால் நாம் உண்மையிலேயே கழற்றிக் கழுவுவோம். இந்தக் கடைசிக் காரணம்தான் எனக்குப் பெரிது, ஏனென்றால் கழற்றக் கஷ்டமான எதையும் களைத்துப்போன இரவில் யாரும் கழற்றுவதில்லை.

எந்த அளவு வாங்குவது?

ஒன்றரை அங்குலம். வேறு எதையும் யோசிக்காமல் இதில் தொடங்குங்கள், முடிந்தவரை எல்லாவற்றையும் இதே அளவில் வைத்திருங்கள்.

இந்த அளவுகளில் பலர் தடுமாறுகிறார்கள், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ட்ரை கிளாம்பில் ஒன்றரை அங்குலம் என்பது குழாயின் வெளி விட்டம், அதாவது 38.1 மில்லிமீற்றர். உள்விட்டம் சுமார் 34.8. விளிம்பின் விட்டம் 50.5 மில்லிமீற்றர். வீட்டில் அளவுகோலை வைத்துப் பார்த்தால் விளிம்பு இரண்டு அங்குலம் போலத் தெரியும், உடனே ‘இரண்டு அங்குல கிளாம்ப்’ என்று ஓர்டர் போட்டுவிடுவார்கள், வந்து சேர்வது 64 மில்லிமீற்றர் விளிம்புக்கானது. வேர்னியர் கலிப்பரால் விளிம்பை அளந்து, 50.5 என்று மில்லிமீற்றரில் கடைக்காரருக்குச் சொல்லுங்கள்.

அடுத்த குழப்பம், ஒரு அங்குலத்துக்கும் ஒன்றரை அங்குலத்துக்கும் விளிம்பு ஒன்றே, இரண்டும் 50.5. கிளாம்ப் இரண்டுக்கும் பொருந்தும், கேஸ்கட்டின் உள்துளை மட்டும் வேறு. ஒரு அங்குல கேஸ்கட்டை ஒன்றரை அங்குலக் குழாயில் போட்டால் வெளியிலிருந்து எல்லாம் சரியாகத்தான் தெரியும், உள்ளே மட்டும் இறப்பர் ஒரு படி போல நீட்டிக்கொண்டு நிற்கும், இஞ்சி நார் எல்லாம் அங்கேதான் போய்த் தங்கும்.

முக்கால் அங்குலமும் அதற்குக் கீழும் 25 மில்லிமீற்றர் விளிம்போடு வரும், பார்க்கச் சின்னதாக அழகாக இருக்கும், விலையும் குறைவு. ஆனால் உள்ளே விரலும் போகாது, நல்ல பிரஷும் போகாது. காஸ் வரும் பக்கத்துக்கு வைத்துக்கொள்ளலாம். இஞ்சி ஓடும் பக்கத்துக்கு வேண்டாம், அரைத்த இஞ்சியைத் துணியில் வடித்த பிறகும் மெல்லிய நாரும் மாவும் வரத்தான் செய்யும், சின்னத் துளை இரண்டாம் தடவையே அடைத்துக்கொள்ளும்.

304, 316, 201 என்று எண் போட்டு விற்கிறார்களே?

304 என்பதில் ஏறக்குறைய 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும். வீட்டுப் பானத்துக்கு இது தாராளமாகப் போதும். 316இல் கூடுதலாக 2 முதல் 3 சதவீதம் மொலிப்டினம் இருக்கும், உப்புக்கு, அதாவது குளோரைட்டுக்கு, நன்றாக ஈடுகொடுக்கும். எண்ணுக்குப் பின்னால் எல் என்று போட்டிருந்தால் கார்பன் 0.03 சதவீதத்துக்கு மேல் இல்லை என்று பொருள், வெல்டிங் செய்யும் இடத்தில் அது நல்லது.

கவனமாக இருக்கவேண்டியது 201. அதில் நிக்கலைக் குறைத்து மங்கனீஸைக் கூட்டியிருப்பார்கள். மலிவு, மினுக்கம் குறையாது, புதிதாக இருக்கும்போது யாராலும் பார்த்து வித்தியாசம் சொல்ல முடியாது. காந்தம் வைத்துப் பார்த்தால் தெரியும் என்று கடையில் சொல்வார்கள், தெரியாது: 201உம் காந்தத்தில் ஒட்டாது, வளைத்து நெளித்து வேலை செய்த 304 சிலசமயம் லேசாக ஒட்டும். காந்தம் வலுவாக இழுத்தால் அது நிச்சயமாக நல்ல 304 இல்லை, இழுக்காவிட்டால் எதுவும் நிரூபணமாகவில்லை. 201ஐயும் 304ஐயும் பிரித்துக் காட்டும் சோதனைத் துளிமருந்து இருக்கிறது, மங்கனீஸைக் கண்டு நிறம் மாறும். அது இல்லையென்றால் ஃபிட்டிங்கிலேயே எண் பொறித்திருப்பதை மட்டும் வாங்குங்கள், பெட்டியில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் போதாது.

வெள்ளவத்தை, தெஹிவளை, கல்கிசை என்று கடலை ஒட்டி இருப்பவர்கள் இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. உப்புக்காற்று படும் ஸ்டெயின்லெஸில் பிளேன்டீ சிந்தியது போலப் பழுப்புக் கறை வரும். 304இல் அது மேலோட்டமானது, துடைத்தால் போகும், தாழ்ந்த தரத்தில் அது குழியாகிவிடும். பல்கனியில் வைப்பதென்றால் கிளாம்பும் நட்டும்தான் முதலில் கெடும், வாரத்துக்கு ஒரு தடவை நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள்.

உள்மேற்பரப்பின் வழவழப்பு முக்கியமா?

ஆம், வெளி மினுக்கத்தைவிட நிறைய முக்கியம். பால் தொழிலில் பானம் படும் பரப்புக்கு 0.8 மைக்ரோன் அளவு சொரசொரப்புக்கு மேல் இருக்கக்கூடாது என்பது வழக்கமான வரையறை. ஒரு பக்டீரியா கிட்டத்தட்ட ஒரு மைக்ரோன். கீறலுக்குள் அது போய் இருந்துகொண்டால் எந்த மருந்தும் இலகுவில் தொடாது. வீட்டில் இதை அளக்க முடியாது, ஆனால் டோர்ச் அடித்து உள்ளே பார்க்கலாம், விரலை விட்டுத் தடவலாம், பஞ்சை உள்ளே இழுக்கலாம். பஞ்சு நூல் எங்காவது மாட்டினால் அந்த ஃபிட்டிங் வேண்டாம்.

கேஸ்கட் எதில் வாங்குவது?

அதிகம் கேட்கப்படாத, ஆனால் அதிகம் கேட்கப்படவேண்டிய கேள்வி இது. ஸ்டெயின்லெஸ்ஸைப் பார்த்துப் பார்த்து வாங்கிவிட்டு, கூட வந்த வெள்ளை இறப்பரை அப்படியே போட்டுவிடுகிறோம். பானத்தின் மணத்தைப் பிடித்து வைப்பதும், பிறகு வேறொரு பானத்துக்குள் விடுவதும் அந்த இறப்பர்தான்.

சிலிக்கோன் மென்மையானது, கொதிநீரைத் தாங்கும், கையால் இறுக்கினாலே அடைக்கும். தேயிலை, சீனிப்பாகு, கொம்பூச்சா எல்லாவற்றுக்கும் சரி. அதன் குறை, ஒக்சிஜன் மெதுவாக ஊடுருவும், நிறத்தையும் மணத்தையும் உறிஞ்சும்.

ஈ.பி.டி.எம். என்று கறுப்பாக வரும் இறப்பர் கழுவும் மருந்துகளுக்குச் சிலிக்கோனைவிட உறுதியானது. ஆனால் எண்ணெய் அதற்கு ஆகாது. இங்கேதான் ஜிஞ்சர் பியர்காரர்கள் கவனிக்க வேண்டும்: இஞ்சியிலும் எண்ணெய் இருக்கிறது, தேசிக்காய்த் தோலிலும் தோடம்பழத் தோலிலும் நிறைய இருக்கிறது, அந்த எண்ணெயில் ஈ.பி.டி.எம். ஊதும், மென்மையாகிவிடும். சாறு மட்டும் சேர்ப்பவர்களுக்குப் பெரிய பாதிப்பு இருக்காது, தோலைச் சீவிப் போட்டு ஊறவைக்கிறவர்கள் இதைத் தவிர்க்கலாம். சிலிக்கோனும் அந்த எண்ணெய்க்கு முழுதாக ஈடுகொடுக்காது.

தோல் எண்ணெய் சேரும் பானத்துக்கு வைட்டோன் என்ற இறப்பர் நல்ல தெரிவு. சூடான கோஸ்டிக் சோடாவில் மட்டும் அதை நீண்ட நேரம் ஊறவிடாதீர்கள். டெஃப்லான் கேஸ்கட் எதையும் உறிஞ்சாது, எந்த மணமும் ஒட்டாது, கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அதற்கு மீளும் தன்மை இல்லை. ஒரு தடவை நசுங்கினால் நசுங்கினதுதான், சூடாக்கிக் குளிரவைத்தால் கசியத் தொடங்கும். உள்ளே வைட்டோன், வெளியே டெஃப்லான் உறை என்று ஒரு வகை கிடைக்கிறது, விலை கூட, ஆனால் ஜிஞ்சர் பியருக்கு அதைவிடப் பொருத்தமானதை நான் பார்க்கவில்லை.

ஒரு பழக்கம் சொல்கிறேன், காசு அதிகம் போகாது. ஜிஞ்சர் பியருக்கு ஒரு தொகுதி கேஸ்கட், மற்றப் பானங்களுக்கு இன்னொரு தொகுதி, வேறு வேறு நிறத்தில். கெக் மூடியிலும் வாயில்களிலும் இருக்கும் வட்ட இறப்பர்களுக்கும் இதே கணக்குத்தான். இஞ்சி மணம் பிடித்த இறப்பரை எத்தனை தடவை அவித்தாலும் அது முழுதாகப் போகாது.

எவ்வளவு இறுக்க வேண்டும்?

கையால் மட்டும். குறடு வைத்து இறுக்கினால் கேஸ்கட் உள்பக்கமாகப் பிதுங்கி ஒரு உதடு போல நிற்கும், அதன் பின்னால் அழுக்கு சேரும். கையிறுக்கத்தில் கசிந்தால் கேஸ்கட் தேய்ந்திருக்கிறது, அல்லது விளிம்பில் அடிபட்டிருக்கிறது, அல்லது இரண்டு விளிம்பும் நேராக உட்காரவில்லை. ஸ்டெயின்லெஸ் மரையில் ஸ்டெயின்லெஸ் நட் சிலசமயம் இறுகிப் பிடித்துக்கொண்டு கழற்றவே முடியாமல் போகும், பித்தளை நட்டோடு வரும் கிளாம்பில் அந்தத் தொல்லை இல்லை. அந்த நட் பானத்தைத் தொடாததால் பித்தளை என்று பயப்படத் தேவையில்லை.

வால்வு: உருண்டை வகையா, தட்டு வகையா?

சாதாரண உருண்டை வால்வுக்குள் (ஆங்கிலத்தில் ball valve) துளை போட்ட ஒரு உருண்டை சுழலும். மூடும்போது அந்தத் துளைக்குள் இருந்த பானம் அங்கேயே அடைபட்டுக்கொள்ளும், உருண்டைக்கும் உடலுக்கும் இடையிலும் கொஞ்சம் போய் நிற்கும். திறந்து தண்ணீர் விட்டுக் கழுவினால் துளை கழுவப்படும், அந்த இடைவெளி கழுவப்படாது. ஒரு துண்டாகவும் இரண்டு துண்டாகவும் வருபவற்றை அடிக்கடி கழற்றிக் கழுவுவது நடக்கிற காரியம் இல்லை. உருண்டை வால்வுதான் வேண்டும் என்றால் மூன்று துண்டாகக் கழரும் வகையை வாங்கி, ஒவ்வொரு தொகுதி முடிந்ததும் கழற்றுங்கள்.

தட்டு வகையான பட்டர்ஃப்ளை வால்வு இதைவிட எளிது. குழாயின் குறுக்கே ஒரு வட்டத் தட்டு, அதைச் சுற்றி ஒரு இறப்பர் இருக்கை, வேறு ஒளிவிடம் இல்லை. ஒன்றரை அங்குலத்தில் இஞ்சி நாரும் தடையில்லாமல் போகும். இருக்கையின் இறப்பர் எந்த வகை என்று கேட்டு வாங்குங்கள், மேலே சொன்ன எண்ணெய்க் கதை இதற்கும் பொருந்தும், உதிரி இருக்கையையும் கூடவே வாங்கிவிடுங்கள். கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்துக்கு மட்டும் உருண்டை வால்வு போதும், அங்கே சூடே எல்லாவற்றையும் கொன்றுவிடும்.

பி.எஸ்.பி., என்.பி.டி. என்று இரண்டு மரை இருக்கிறதாமே?

இலங்கையில் ஹார்ட்வெயார் கடைகளில் இருப்பது பிரிட்டிஷ் மரை, பி.எஸ்.பி. அமெரிக்காவிலிருந்து வரும் காய்ச்சும் உபகரணங்களில் என்.பி.டி. இருக்கும். அரை அங்குலத்திலும் முக்கால் அங்குலத்திலும் இரண்டுக்கும் அங்குலத்துக்கு 14 சுற்று, அதனால் ஒன்றில் ஒன்று ஏறும், ஏறியதும் சரியென்று நினைப்போம். ஆனால் மரையின் கோணம் ஒன்றில் 55 பாகை, மற்றதில் 60. கசியும். ஒரு அங்குலத்தில் 11க்கு 11.5, அங்கே இரண்டு சுற்றிலேயே சிக்கிவிடும், பலத்தைப் போட்டால் மரை நாசம். பாத்திரத்தில் மரை தவிர்க்க முடியாவிட்டால் மரையிலிருந்து ட்ரை கிளாம்புக்கு மாறும் ஒரே ஒரு அடப்டரைப் போட்டு, அதற்குப் பிறகு எல்லாம் கிளாம்பாகவே இருக்கட்டும்.

பித்தளை, செம்பு, ஜி.ஐ., அலுமினியம்?

வேண்டாம். கொம்பூச்சாவின் பி.எச். அளவு 3ஐ ஒட்டி இருக்கும், தேசிக்காய் சேர்த்த ஜிஞ்சர் பியரும் நல்ல புளிப்பு. அந்தப் புளிப்பு பித்தளையிலிருந்து செம்பையும் துத்தநாகத்தையும் கரைக்கும், பல பித்தளைக் கலவைகளில் ஈயமும் உண்டு. ஜி.ஐ. பைப்பின் துத்தநாகப் பூச்சும் கரையும். பிள்ளைகளும் குடிக்கப்போகும் பானம் இது.

ஃபெரூலைப் பாத்திரத்தில் வெல்டிங் செய்விக்கலாமா?

செய்விக்கலாம், சரியான ஆள் கிடைத்தால். கொழும்பில் ஸ்டெயின்லெஸ் கைப்பிடி, கேற் செய்யும் பட்டறைகள் நிறைய இருக்கின்றன, ஆர்கன் காஸில் செய்யும் டிக் வெல்டிங் தெரிந்த கைகளும் இருக்கின்றன. ஆனால் கேற்றுக்கு வெளிப்பக்கம் மட்டும் அழகாக இருந்தால் போதும், நமக்கு உள்பக்கம்தான் வேண்டும். வெல்டிங் போடும்போது பின்பக்கத்துக்கும் ஆர்கன் காஸ் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் உள்ளே கறுத்து, சீனி கருகியது போலச் சொரசொரப்பாகப் பொங்கி நிற்கும், அந்த இடத்தைக் கழுவவே முடியாது, துருவும் அங்கேதான் பிடிக்கும். வேலை கொடுக்கும்முன் ‘உள்ளேயும் ஆர்கன் விடுவீர்களா அண்ணா’ என்று கேளுங்கள். அவர் எதற்கு என்று கேட்டால் வேறு பட்டறை பாருங்கள். இரும்பு அறுத்த அதே கிரைண்டர் தட்டால் உங்கள் பாத்திரத்தைத் தேய்க்க விடாதீர்கள், இரும்புத்தூள் பதிந்து பிறகு துருவாக எழும்பும்.

ஃபெரூலைக் குட்டையாக வைக்கச் சொல்லுங்கள். நீளமான கிளைக்குழாயில் பானம் தேங்கும், கழுவும் தண்ணீர் அதன் முனைவரை போகாது. குழாய் விட்டத்தின் இரண்டு மடங்குக்குள் கிளையின் நீளம் இருப்பது நல்லது.

வெல்டிங்குக்குப் பிறகு சிற்றிக் அமிலம் பூசிவிடுங்கள். 100 பங்கில் 4 முதல் 10 பங்கு சிற்றிக் அமிலம் கரைத்த தண்ணீரில், நம் ஊர் அறை வெப்பத்தில், குறைந்தது 20 நிமிடம் ஊறட்டும். மேலே படிந்த இரும்பு கரைந்து குரோமியத்தின் காப்புப் படலம் மறுபடி உருவாகும். பேக்கரிச் சாமான் கடையில் சிற்றிக் அமிலம் கிடைக்கும்.

காஸ் அழுத்தத்தை இந்த ஃபிட்டிங் தாங்குமா?

ஒன்றரை அங்குல கிளாம்ப் தாங்கும், நாம் போடும் அழுத்தம் அதற்கு ஒன்றும் பெரிதில்லை. தாங்காதவை வேறு: கண்ணாடிப் பார்வைக் குழாய், மெல்லிய பாத்திரத்தின் மூடி, பிளாஸ்டிக் குழாய். அழுத்தத்துக்கென்று செய்யாத பாத்திரத்தை, எவ்வளவு நல்ல கிளாம்ப் போட்டாலும், காஸ் ஏற்ற ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். காஸ் ஏற்றுவது கெக்கில் மட்டும். 19 லீட்டர் கோனி கெக் இந்த வேலைக்கென்றே வந்தது, அழுத்தம் விடுவிக்கும் வால்வு மூடியிலேயே இருக்கும்.

குளிரில் ஏற்றுங்கள். ஜிஞ்சர் பியருக்கு நல்ல துடிப்பான நுரை வேண்டுமென்றால், 4 பாகையில் சுமார் 22 பி.எஸ்.ஐ. அழுத்தம் போதும். அதே அளவு காஸ் 28 பாகையில் கரைந்து நிற்க 54க்கு மேல் வேண்டும், அதில் பாதிக் கசிவுகளும் எல்லா ஆபத்துகளும் சேர்ந்து வரும்.

சிலிண்டரைப் பற்றியும் ஒன்று. கார்பன்டயொக்சைட் 31 பாகைக்கு மேல் திரவமாக நிற்காது, கொழும்பு மதியம் அந்த எல்லையில்தான் இருக்கிறது, சிலிண்டருக்குள் அழுத்தம் 70 பாருக்கு மேலே போகும். வெயில் படாத, காற்றோட்டமுள்ள இடத்தில் நிமிர்த்திக் கட்டி வையுங்கள், ஜன்னல் இல்லாத சாமான் அறையில் வேண்டாம், கசிந்தால் இந்த வாயு கீழேதான் தேங்கும், மூச்சு முட்டும். ரெகுலேட்டர் வாங்கும்முன் அதன் மரை உங்கள் சிலிண்டருக்குப் பொருந்துமா என்று காஸ் கடையிலேயே வைத்துப் பாருங்கள்.

எப்படிக் கழுவுவது?

முதலில் கழுவுவது, பிறகு கிருமி நீக்குவது. இரண்டும் வேறு வேலை, அழுக்கு இருக்கும் இடத்தில் கிருமி மருந்து வேலை செய்யாது.

முடிந்த உடனேயே, சீனி காயும்முன், சாதாரணத் தண்ணீரில் அலசுங்கள். பிறகு சோடியம் பெர்கார்பனேட் என்ற கழுவும் தூள், லீட்டருக்கு 8 கிராம் அளவில், 50 - 60 பாகைத் தண்ணீரில் அரை மணி நேரம். கிளாம்பைக் கழற்றி, கேஸ்கட்டைத் தனியாக எடுத்து, விளிம்பின் பள்ளத்தை மென்மையான பிரஷால் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசுங்கள். பெரும்பாலான வீடுகளுக்கு இது போதும். கோஸ்டிக் சோடா வலுவானது, ஆனால் கண்ணையும் தோலையும் எரிக்கும், கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடாதீர்கள், எப்போதும் தண்ணீருக்குள் கோஸ்டிக்கைப் போடவேண்டும், கோஸ்டிக் மேல் தண்ணீரை ஊற்றக்கூடாது. காஸ் நிறைந்த கெக்குக்குள் கோஸ்டிக் கரைசலை விட்டு மூடவே கூடாது, அது கார்பன்டயொக்சைட்டை உறிஞ்சி உள்ளே வெற்றிடத்தை உண்டாக்கும், மெல்லிய பாத்திரம் என்றால் நசுங்கிவிடும்.

கிருமி நீக்க, பொஸ்போரிக் அமிலம் கலந்த நுரை மருந்துகள் கிடைத்தால் நல்லது, போத்தலில் சொன்ன அளவில். கிடைக்காவிட்டால் கொதிநீர். சிலிக்கோன் கேஸ்கட்டுகளையும் சின்ன ஃபிட்டிங்குகளையும் பிரஷர் குக்கரில் போட்டு ஆவியில் வைக்கலாம், எந்த மருந்தைவிடவும் எனக்கு அதில் நம்பிக்கை அதிகம்.

குளோரின் பிளீச் வேண்டவே வேண்டாம். ஸ்டெயின்லெஸ்ஸின் காப்புப் படலத்தை அது துளைக்கும். அமிலத்தோடு பட்டால் நச்சு வாயு வரும். இரும்புக் கம்பிப் பந்தும் வேண்டாம், பொச்சும் வேண்டாம், அதன் தும்பு கேஸ்கட் பள்ளத்தில் மாட்டிக்கொள்ளும்.

கழுவியதைப் பூட்டி வைக்காதீர்கள். கழற்றிய நிலையிலேயே காயவிட்டு, அடுத்த தடவைக்கு முன்தான் பூட்டவேண்டும். நம் ஈரப்பதத்தில் பூட்டிய ஃபிட்டிங் உள்ளே காயவே காயாது.

கொழும்புக் குழாய்த் தண்ணீர் ஸ்டெயின்லெஸ்ஸைக் கெடுக்குமா?

பொதுவாக இல்லை. களனி கங்கையிலிருந்து அம்பத்தளையிலும், லபுகம, கலட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும் வரும் தண்ணீர் மென்மையானது, சுண்ணாம்புப் படிவு பெரிதாகப் பிடிக்காது. கடும் வரட்சியில் கடல்நீர் களனியில் மேலேறி, உப்புச்சுவை தட்டுவது உண்டு. அந்த நாட்களில் பாத்திரத்தில் தண்ணீரை நாட்கணக்கில் தேக்கி வைக்காதீர்கள். கொம்பூச்சாவுக்குத் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டால் குளோரின் போய்விடும், தாய்ப்படலத்துக்கும் நல்லது, உலோகத்துக்கும் நல்லது.

பிளாஸ்டிக் குழாய்களை எப்படி இணைப்பது?

சூட்டுக்கு சிலிக்கோன் குழாய், குளிருக்கு உணவுத்தரக் குழாய். தோட்டத்துக் குழாய் எதற்கும் ஆகாது. முனையில் ட்ரை கிளாம்ப் விளிம்பும் மறுபக்கம் பற்களும் உள்ள ஃபிட்டிங்கைப் போடுங்கள். அந்தப் பற்களுக்கும் குழாய்க்கும் இடையில்தான் மறைவிடம், எனவே அவ்வப்போது முனையை ஒரு அங்குலம் வெட்டிவிட்டுப் புதிதாகச் செருகுங்கள். குழாய் மங்கலானால் தூக்கிப் போட்டுவிடுங்கள், அதைக் காப்பாற்றி லாபம் இல்லை.

கொழும்பில் எங்கே தேடுவது?

பழைய சோனகத் தெருவில் தொடங்குங்கள். ஹார்ட்வெயார், பைப், வால்வு என்று கடைக்குக் கடை இருக்கும், ஆனால் ‘ட்ரை கிளாம்ப்’ என்றால் பலருக்குப் புரியாது, ‘பால் மெஷினுக்குப் போடும் கிளாம்ப்’ என்று சொல்லிப் பாருங்கள், அல்லது கையில் ஒரு மாதிரியைக் கொண்டுபோங்கள். உணவுத் தொழிற்சாலைகளுக்கு உபகரணம் விற்கும் நிறுவனங்களிடம் கிடைக்கும், சில்லறையாகத் தருவார்களா என்று முதலே பேசிக் கேளுங்கள். இந்தியாவிலிருந்து வரும் பால் தொழில் ஃபிட்டிங்குகளில் எஸ்.எம்.எஸ். என்ற மரை இணைப்பும் கலந்து வரும், அது வேறு முறை, கிளாம்போடு சேராது, விளிம்பை அளக்காமல் காசு கொடுக்காதீர்கள். வெளிநாட்டிலிருந்து எடுப்பவர்கள் கேஸ்கட்டை மூன்று மடங்கு எடுத்துக்கொள்ளுங்கள், பாரம் இல்லாத சாமான், இங்கே அவசரத்துக்குத் தேடினால் அதுதான் கிடைக்காது.

எல்லாவற்றையும் ஒரேயடியாக வாங்க வசதி இல்லை. எதிலிருந்து தொடங்கலாம்?

பாத்திரத்தின் அடி வாயிலிலிருந்து. ஒரு பட்டர்ஃப்ளை வால்வு, இரண்டு கிளாம்ப், ஒரு குழாய் முனை, ஆறு கேஸ்கட், ஒரு மூடித் தகடு. மற்ற எல்லாம் பிறகு. வெப்பமானி வாயில், பார்வைக் கண்ணாடி, கிளைக்குழாய் என்று விற்கும் அழகான சாமான்கள் ஒவ்வொன்றும் இன்னொரு இணைப்பு, கழுவ இன்னொரு இடம். நல்ல அமைப்பில் இணைப்புகள் குறைவாக இருக்கும். பணம் மிஞ்சினால் இன்னொரு கெக் வாங்குங்கள், இன்னொரு ஃபிட்டிங் வேண்டாம்.

கசிவு இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

காஸ் பக்கத்துக்கு, சோப்பு நுரையைப் பூசிப் பாருங்கள், குமிழி வந்தால் கசிவு. பானம் ஓடும் பக்கத்துக்கு, முதலில் வெறும் தண்ணீர் நிரப்பி, ஒவ்வொரு கிளாம்பின் கீழும் காய்ந்த டிஷ்யூ வைத்து ஒரு இரவு விடுங்கள். சீனி சேர்ந்த பிறகு என்றால் எறும்பு சொல்லிவிடும். கிளாம்பைச் சுற்றி எறும்பு வரிசை தெரிந்தால் வெளியில் துடைப்பதோடு நிற்காமல் பானத்தை வேறு பாத்திரத்துக்கு மாற்றி, அந்த இணைப்பைக் கழற்றி, கேஸ்கட்டை மாற்றுங்கள். பானம் வெளியே வரும் வழியால் பழ ஈயும் அதன் காலில் ஒட்டிய வினாகிரிப் பக்டீரியாவும் உள்ளே போகும்.